யூரோஸ்டைல்: எதிர்காலம் எனப்பட்ட எழுத்துரு

யூரோஸ்டைல் எழுத்துருவைப் பற்றிய பேச்சில் ‘எதிர்காலத்தன்மை’ என்னும் சொல் தவறாமல் வந்துவிடுகிறது. அதன் தடித்த அகன்ற வகையைக் கண்டவுடன் விண்கலமும் ஆலையும் நினைவுக்கு வருவது உண்மையே. ஆயினும், அத்தன்மை எழுத்தின் வடிவிலேயே உறைகிறதா, பின்னாளில் அதன்மேல் ஏற்றப்பட்டதா என்னும் வினாவை அச்சொல் மறைத்துவிடுகிறது.

இத்தாலியின் டுரின் நகரத்து நெபியோலோ அச்செழுத்து வார்ப்பகம் 1952இல் மைக்ரோகிராம்மா என்னும் எழுத்துருவை வெளியிட்டது. அலெசாந்த்ரோ புத்தி, ஆல்டோ நோவரேசே ஆகிய இருவரின் ஆக்கம் அது. அதில் பேரெழுத்துகள் மட்டுமே இருந்தன. ஆகவே தலைப்பு, பெயர்ப்பலகை போன்ற குறும்பனுவல்களைத் தாண்டி அது செல்ல இயலவில்லை. 1962இல் நோவரேசே சிற்றெழுத்துகளையும் வடித்து யூரோஸ்டைலை உருவாக்கினார். பெயரிட மட்டுமே பயன்பட்ட எழுத்தைத் தொடர் எழுதவும் உரியதாக்கிய இம்முயற்சியே இவ்வெழுத்துருவின் வரலாற்றில் தலையாயது.

இதன் இலத்தீன் ‘ஓ’ வட்டமும் அன்று, செவ்வகமும் அன்று. நேர்கோடு போலத் தோன்றும் பக்கங்கள் நடுவில் மெல்லப் புடைத்து, மூலைகளில் விரைந்து வளைகின்றன. 1950களின் தொலைக்காட்சித் திரைக்கும் ஏறத்தாழ இதே புறவடிவம்தான். நாளையை ஊகித்து வரைந்த எழுத்து என்பதைவிட, தன் காலத்துப் பொருளுலகோடு ஒத்துநின்ற எழுத்து என்பதே பொருந்தும்.

ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) தடித்த அகன்ற யூரோஸ்டைலை விண்கலத்துக்குள் வைத்தது. அதன்பின் வந்த அறிபுனைத் திரைப்படங்கள் பல அதையே நாடின. பார்வையாளர் சொல்லைப் படிக்குமுன் காலத்தைப் படித்துவிடுகின்றனர். நோவரேசே சேர்த்த சிற்றெழுத்துகளுக்கு இம்மரபில் பெரும்பாலும் இடமில்லை. திரையில் நிலைபெற்றது பேரெழுத்துப் பலகையே. பெயர் யூரோஸ்டைல், பயன்பாடோ மைக்ரோகிராம்மாவினது. இரண்டின் பேரெழுத்துகளும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இம்மாற்றம் எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

இவ்வெழுத்தின் இயந்திர இறுக்கமும் இத்தகைய மறுபரிசீலனைக்கு உரியது. ஈய அச்சிலிருந்து எண்ணிம வடிவுக்கு வந்தபோது பக்கங்களின் மெல்லிய புடைப்பு தட்டையாகிப்போனது. 2008இல் லினோடைப் நிறுவனத்துக்காக அகிரா கோபயாஷி உருவாக்கிய யூரோஸ்டைல் நெக்ஸ்ட் அவ்வளைவுகளை மீட்க முனைந்தது. இழந்திராவிட்டால் மீட்க வேண்டியதும் இராது. எனவே, கணினிக் கோப்பை மட்டும் கண்டு அதன் இறுக்கம் முழுவதையும் நோவரேசேயின் நோக்கமெனக் கொள்ளும் விமர்சனம், மாற்றத்தில் நேர்ந்த இழப்பைப் படைப்பாளியின் கணக்கில் எழுதுகிறது.

அதற்காக அனைத்தையும் தொழில்நுட்ப மாற்றத்தின்மேல் ஏற்றுவதும் தகாது. தடித்த அகன்ற வகையின் கனமும் கிடையாகப் படர்ந்து நிற்கும் நிலையும் ஈய அச்சிலேயே இருந்தவை. எது தொடக்கத்திலிருந்தே உள்ளது, எது பின்னர் நேர்ந்தது எனப் பிரித்தறிய, நெபியோலோவின் அச்சு மாதிரிகளையும் இன்றைய கோப்புகளையும் ஒரே அளவில் அருகருகே வைத்து ஒப்பிட வேண்டும். அவ்வொப்பீட்டை ‘ஓ’விலிருந்து தொடங்கலாம்.