ஹைடனின் பிரிவுச் சிம்பனி வேடிக்கைப் பொருளா?

பெருநகரங்களில் இயங்கும் 'சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா' எனும் சிற்றிசைக் குழுக்கள் தம் பருவ நிகழ்ச்சி நிரலில் விரும்பிச் சேர்க்கும் உருப்படிகளுள் ஒன்று, ஜோசப் ஹைடன் 1772-இல் இயற்றிய 45-ஆம் சிம்பனி. 'பிரிவுச் சிம்பனி' என்பது அதன் வழக்குப் பெயர். அதனைக் கேட்கச் செல்லும் அன்பர்களுக்கும், மாணாக்கரை உடனழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல விழைகிறேன். அதனை நகைச்சுவைக் காட்சியாக்கும் வழக்கம் அவ்விசைக்கு இழைக்கும் தீங்காகும்.

ஹங்கேரியச் சதுப்பு நிலத்திடையே எஸ்டெர்ஹாசா என்ற அரண்மனையை எழுப்பிய இளவரசர் நிக்கொலஸ், தம் இசைவாணர்களையும் அங்கே அழைத்துச் செல்வார். அவர்தம் மனைவி மக்களோ, சிலருடையோர் நீங்கலாக, ஐசென்ஸ்டாட் நகரிலேயே இருந்தாக வேண்டும். கலைஞர் எனினும் அவர்கள் சீருடை அணிந்த ஊழியரே. ஹைடன் 1761-இல் ஒப்பமிட்ட உடன்படிக்கை அவர் அணியவேண்டிய காலுறையின் நிறத்தைக்கூட விதிக்கிறது. அவர் இயற்றிய இசையை இளவரசரின் இசைவின்றிப் பிறருக்குத் தருதலும் கூடாது. துரை மனம் வைத்தாலன்றி ஊர் திரும்ப வழியில்லை என்பதன் பொருளைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு நான் விளக்க வேண்டுமா? 1772-இல் தங்கல் நீண்டது. வீட்டு நினைவும் நீண்டது. வாய்விட்டுக் கேட்க முடியாததை ஹைடன் இசையால் கேட்டார்.

இறுதிப் பகுதி விரைந்தோடி வந்து திடீரென நின்றுவிடுகிறது. யாரும் எதிர்பாராத மெல்நடை ஒன்று தொடங்குகிறது. முதல் ஆபோவும் இரண்டாம் ஹார்னும் சிறிது தனித்து இசைத்து எழுந்து செல்கின்றன. பஸூன் தனியிசை ஏதுமின்றியே விலகுகிறது. டபிள் பேஸுக்கோ நெடிய தனியிசை. எப்பொழுதும் பின்னே நின்று தாங்கும் கருவி போகும்போது மட்டும் பேசுகிறது! செல்லோ, வயலின், வயோலா என ஒவ்வொன்றாய் அடங்க, ஈற்றில் ஒலியடக்கிய இரண்டு வயலின்கள் மட்டுமே எஞ்சுகின்றன. மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு ஒவ்வொருவரும் அகன்றனர் என்பர். மறுநாளே பயணத்துக்கு ஆணை பிறந்தது என்பது மரபாக வழங்கும் செய்தி.

2009 புத்தாண்டு நாளில் வியன்னாவில் இவ்விறுதிப் பகுதியை மட்டும் எடுத்து இசைத்தனர். எழுந்து செல்வோரைத் தடுக்க முயல்பவராக நடத்துநர் பேரென்பாய்ம் நடித்துக் காட்ட, அவை நகைத்து மகிழ்ந்தது. விழாநாளில் சிரிப்புக்கு இடமுண்டுதான். ஆனால் சிரிப்பொலி எழும்போது ஒலி மெலிவது காதில் விழாது. விண்ணப்பம் இருப்பது எழுந்து நடக்கும் கால்களில் அன்று. இழை இழையாக மெலியும் அந்த ஒலியிலேதான். மேலும், முதற்பகுதியின் சீற்றத்தைக் கேளாதவர்க்கு இறுதியின் பணிவு எங்ஙனம் விளங்கும்? குமுறி வரும் அப்பகுதியின் நடுவே, முன்னர்க் கேட்டிராத இனிய மெட்டு ஒன்று சற்றே தோன்றி மறைகிறது. அதையும் இழந்துவிட்டுக் கடைசிக் காட்சியை மட்டும் பார்ப்பது, நாடகத்தில் திரை விழுவதை மட்டும் பார்ப்பதைப் போன்றது.

சிற்றிசைக் குழுவுக்கே இச்சிம்பனி ஏற்றது என்பதும் என் துணிபு. பத்துப் பதினைந்து வயலின்கள் ஒருசேர ஒலிக்கும் பேரவையில் ஒருவர் போனால் யாருக்குத் தெரியும்? சிறு குழுவில் ஒருவர் போனால் அந்த இடம் வெறிச்சிடுவதைக் காதே கண்டுகொள்ளும். குழுவினர் நான்கு பகுதிகளையும் முழுமையாக இசைக்க வேண்டும். நடிப்பின்றி, ஓசையின்றி எழுந்து செல்ல வேண்டும். அவையோரும் அந்த இரண்டு வயலின்கள் முற்றும் ஓய்ந்து அடங்கும் வரையில் கையொலியை நிறுத்தி வைத்தல் நன்று.