ஓரியூர்ச் சிறைமடலும் நன்றியின் பொருளும்

எப்போதும் மகிழ்ந்திருத்தல், ஓயாது மன்றாடுதல், எந்நிலையிலும் நன்றி செலுத்துதல் என்னும் மூன்று கடமைகளைத் திருத்தூதர் பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஒரே மூச்சில் முன்வைக்கிறார். நம் இல்லங்களின் நாள்காட்டிகளிலும் திருமண அழைப்பிதழ்களிலும் நினைவுநாள் அட்டைகளிலும் இவ்வசனங்களைக் காண்கிறோம். ஆயினும், அடிக்கடி கேட்ட சொல் ஆழமாக உணர்ந்த சொல்லாகிவிடுவதில்லை. மழை பொய்த்துக் கடனில் மூழ்கிய குடும்பத்தாரிடமும், இளம் மகனை அடக்கம் செய்துவிட்டு வீடு திரும்பும் தாயிடமும் இவ்வசனங்களை நாம் சொல்ல நேர்கிறது. அப்போது அவை மருந்தாவதும் உண்டு. புண்ணில் இட்ட உப்பாவதும் உண்டு. இவ்வேறுபாடு எதனால் நேர்கிறது?

இவ்வினாவுக்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் மதுரை மறைப்பணித்தளத்தின் வரலாற்றிலேயே ஓர் எழுத்துச் சான்று உண்டு. புனித அருளானந்தர் ஓரியூர்ச் சிறையிலிருந்து 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், தாம் தலை வெட்டுண்டு இறப்பதற்கு முந்திய நாள், உடன் உழைத்த இயேசு சபைக் குருக்களுக்கு எழுதிய மடலே அது. மைக்கும் எழுதுகோலுக்கும் வழியின்றி, கரியை நீரில் குழைத்து, துரும்பு கொண்டு அதனை வரைந்தார் என்பது மரபு. ஓரியூரின் செம்மண்ணை நம் மக்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர். அது போற்றத்தக்க பக்தியே. ஆனால் அம்மண்ணைச் சிவப்பாக்கியவரின் உள்ளத்தைக் காட்டும் எழுத்தை நம்மில் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? புனிதரின் மடலாக வணங்குவதோடு நில்லாமல், ஓர் எழுத்துப் படைப்பாக அதனை நுணுகி வாசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மடலின் பின்னணி

1647இல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் இளவரசரோடு வளர்ந்த ஜான் தெ பிரிட்டோ, 1662இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673இல் கோவா வந்து, அடுத்த ஆண்டே மதுரை மறைப்பணித்தளத்தை அடைந்தார். தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரையில் தொடங்கிய வழியைப் பின்பற்றி, புலால் விலக்கி, பண்டார சுவாமிக் கோலம் பூண்டு, அருளானந்தர் ஆனார்.

1686இல் மறவர் நாட்டில் அவரும் அவருடைய வேதியர்களும் பிடிக்கப்பட்டுக் கடும் வதைக்கு உள்ளாயினர். பின்னர் இரகுநாத கிழவன் சேதுபதி அவரை நேரில் விசாரித்து, இனித் தம் நாட்டில் போதிக்கலாகாது என்ற தடையோடு விடுவித்தார். மறைப்பணியின் பொருட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, இளமைத் தோழரான மன்னர் இரண்டாம் பேதுரு அவரைத் தம் நாட்டிலேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அருளானந்தர் அதற்கு இசையவில்லை. 1690இல் மீண்டும் இந்தியா வந்தார். மீண்டும் மறவர் நாட்டிற்கே சென்றார்.

அங்கே நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற்ற தடியத்தேவர், முதல் மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவரான கடலாயி சேதுபதியின் உறவினர். அவரது முறையீடு புனிதரின் கைதுக்கும், இறுதியில் பாம்பாற்றங்கரையில் நிகழ்ந்த கொலைக்கும் இட்டுச் சென்றது.

மடலின் நடை

இம்மடலைக் கையிலெடுப்பவர் முதலில் சிறிது ஏமாற்றம் அடையக்கூடும். மறைசாட்சியின் இறுதி எழுத்து உணர்ச்சிப் பெருக்கோடு தொடங்கும் என்றே நாம் எதிர்பார்க்கிறோம். ஆனால் அருளானந்தர் ஓர் அலுவலர் அறிக்கை அனுப்புவதைப் போலத் தொடங்குகிறார். இராமநாதபுரத்தில் தமக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டது, உடன் சிறைப்பட்டோரிடமிருந்து தாம் பிரிக்கப்பட்டது, ஓரியூருக்கு வந்து சேர்ந்தது, அங்கே உடையத்தேவர் முன் நீண்ட வாதம் நடந்தது, மீண்டும் சிறையில் அடைக்கப்பட்டது எனச் செய்திகள் நாள் வரிசையில் வருகின்றன. இதன் பின்னரே மகிழ்ச்சி பற்றிய பேச்சு எழுகிறது. இச்சாவை அடையும் நம்பிக்கையே தம்மை இருமுறை இந்தியாவுக்கு இழுத்து வந்தது என்கிறார். உண்மைக் கடவுளைப் போதித்ததே தம் குற்றமென்றால், அக்குற்றத்துக்காகச் சாவது பெருமையே என்னும் கருத்தில் அவர் சொல் உயர்கிறது. உடனே தாழ்ந்துவிடுகிறது: காவலர் கண்காணிப்பதால் மேலும் எழுத இயலவில்லை, உங்கள் ஆசியை வேண்டுகிறேன், உங்கள் திருப்பலிகளில் என்னை நினைவுகூருங்கள். இவ்வளவோடு மடல் முடிகிறது.

இவ்வமைப்பை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். துன்பம் முதலில் உள்ளவாறே சொல்லப்படுகிறது. அது குறைக்கவும்படவில்லை, மிகைப்படுத்தவும்படவில்லை. மகிழ்ச்சி அதன் பின்னர் வருகிறது. அதற்குக் காரணமும் கூறப்படுகிறது. அம்மகிழ்ச்சி சங்கிலியைப் பற்றியதன்று. சங்கிலிக்குக் காரணமான ஆண்டவரைப் பற்றியது. இறுதியில் எல்லாம் மன்றாட்டாகிறது. அதுவும் தனித்து நிற்கும் வீரனின் மன்றாட்டன்று. பிறருடைய செபம் தமக்குத் தேவை என்று கேட்கும் சகோதரனின் மன்றாட்டு. பவுல் சொன்ன மூன்றும் கரிய எழுத்தாகி அங்கே நிற்கின்றன.

நாம் புனைந்த அருளானந்தர்

இம்மடலின் அருளானந்தருக்கும் நம் பங்கு மேடைகளில் தோன்றும் அருளானந்தருக்கும் இடையே தொலைவு மிகுதி. நம் நாடகங்கள் பலவற்றில் அவர் அடிபடும்போதும் புன்னகைக்கிறார். வலி என்பதே அறியாத கற்சிலையாகிறார். இதனால் புனிதர் உயர்வதில்லை. நம்மைவிட்டு விலகிப் போகிறார். வலியை உணராதவருக்குப் பொறுமையும் தேவையில்லை. கெத்சமனித் தோட்டத்தில் துயருற்றுக் கலங்கிய ஆண்டவரின் சீடரை, ஆண்டவரைவிடத் துன்பமற்றவராகக் காட்டுவது இறையியல் நோக்கிலும் பிழையே.

அந்நாடகங்களில் கடலாயி வெறும் தீயவளாக வந்து போகிறார். ஒருமனைவி மணத்தைத் திருச்சபை வலியுறுத்தியது சரியே. ஆயினும் தன் குற்றம் ஏதுமின்றித் திடீரென விலக்கப்பட்ட ஒரு பெண்ணின் துயரமும் துயரமே. அதனைச் சொல்வதால் கொலை நியாயமாகிவிடாது; மறைசாட்சியின் மாண்பும் குறையாது. பிறர் கண்ணீரை மறைத்துவிட்டு நாம் செலுத்தும் நன்றி குறைபட்ட நன்றி என்பதை மட்டும் அது நமக்கு நினைவூட்டும்.

இன்னொரு போக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். செபக்கூட்டங்களில் நாம் கேட்கும் சாட்சியங்கள் பெரும்பாலும் நோய் நீங்கியபின், கடன் தீர்ந்தபின், வேலை கிடைத்தபின் சொல்லப்படுபவை. பெற்ற நலனுக்கு நன்றி கூறுவது நன்றே. தொழுநோய் நீங்கிய பதின்மருள் ஒருவரே திரும்பி வந்ததை ஆண்டவரே சுட்டிக்காட்டினார். ஆனால் இவ்வகைச் சாட்சியம் ஒன்றே நம் காதில் விழுமானால், நோய் நீங்காதவர் தமக்கு விசுவாசம் போதவில்லை என்று எண்ணி வாடுவார். ஓரியூர் மடல் அவருக்கும் உரியது. அதை எழுதியவர் விடுதலை பெறவில்லை. முடிவு தெரிந்த பின்னும், முடிவு மாறாத நிலையிலும் எழுந்த நன்றி அது.

ஒரு தடை

இங்கே சிந்திக்கும் வாசகர் ஒரு தடை எழுப்பலாம். அருளானந்தர் தம் துன்பத்தைத் தேர்ந்துகொண்டார்; திரும்பி வராமல் இருந்திருக்கலாம். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரி உழவரோ, பெரிய மருத்துவமனையின் தாழ்வாரத்தில் பாய் விரித்துக் கணவனுக்குக் காவலிருக்கும் பெண்ணோ எதையும் தேர்ந்துகொள்ளவில்லை. மறைசாட்சியின் மகிழ்ச்சியை இவர்களிடம் கேட்பது கொடுமை அன்றோ?

தடை வலுவானதே. அருளானந்தரின் சாவு விருப்பத்தை எல்லார்க்கும் பொது நெறியாக்க முடியாது என்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். விடை பவுலின் திருமுகத்திலேயே உள்ளது. அவர் பிலிப்பியில் தடியடிபட்டுச் சிறைப்பட்டபின் தெசலோனிக்கா சென்றவர்; அங்கிருந்தும் துரத்தப்பட்டவர். திருமுகத்தைப் பெற்றவர்களோ, தம் கைகளால் உழைத்துப் பிழைத்த எளிய மக்கள். எதிர்ப்புக்கும் இழப்புக்கும் ஆளானவர்கள். அன்பர்களைச் சாவில் பறிகொடுத்தவர்கள். நான்காம் அதிகாரத்தில் பவுல் அவர்களுடைய துக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். அழக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போல் அழவேண்டாம் என்றே சொல்கிறார். ஆகவே, மகிழ்ந்திருக்கச் சொல்லும் அதே திருமுகம் கண்ணீருக்கும் இடமளிக்கிறது.

நன்றியைக் குறித்து அவர் ஆளும் கிரேக்கச் சொற்றொடரும் கருதத்தக்கது. எல்லாவற்றிற்காகவும் என்பதன்று, எல்லாவற்றின் நடுவிலும் என்பதே அதன் பொருள். எபேசியர் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரம் எல்லாவற்றிற்காகவும் என்கிறதே என்று ஒருவர் கேட்கக்கூடும். அங்கே அந்நன்றி இயேசு கிறிஸ்துவின் பெயரால் செலுத்தப்பட வேண்டும் என்பதும் சேர்த்தே கூறப்படுகிறது. கிறிஸ்து கண்டித்த அநீதிக்குக் கிறிஸ்துவின் பெயராலேயே நன்றி கூற யாராலும் இயலாது. குடிகாரக் கணவனிடம் அடிபடும் பெண்ணிடம், இதற்காகவும் நன்றி சொல் என்று எவரேனும் அறிவுரை கூறினால், அவர் பவுலை வாசிக்கவில்லை என்றே பொருள்.

பலியும் நன்றியும்

நன்றி என்பதற்குப் பவுல் ஆளும் கிரேக்கச் சொல்லே நம் நற்கருணைக்கும் பெயராயிற்று. ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார் எனக் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் சான்று பகர்கிறது. இங்கேதான் முழு மறைபொருளும் அடங்கியுள்ளது என்று நாம் கருதுகிறோம். அவர் நன்றி செலுத்தியது அந்த இரவில். ஆனால் காட்டிக்கொடுத்தலுக்காக அன்று, அப்பத்துக்காக. இருள் பறிக்க முடியாதது ஒன்று அவர் கையில் இருந்தது. அதனைத் தந்தையின் கொடையென ஏற்றார், பிட்டார், பகிர்ந்தார். அருளானந்தர் தம் மடலின் இறுதியில் திருப்பலியில் நினைவுகூரும்படி கேட்டதும் தற்செயலன்று. தம் சாவை அந்தப் பெரிய நன்றியோடு இணைத்துக்கொண்டார்.

மதுரையின் பேராலயம் வியாகுல அன்னைக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டிருப்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்ப்போம். கீழவெளி வீதியின் இரைச்சலிலிருந்து உள்ளே நுழையும் தாய்மார் அங்கே காண்பது, நெஞ்சில் துயரத்தைத் தாங்கிய ஒரு தாயை. ஒருகாலத்தில் மகிழ்ந்து பாடிய அந்த அன்னை, சிலுவையடியில் பாடியதாக நற்செய்தி கூறவில்லை. நின்றுகொண்டிருந்தார் என்று மட்டுமே கூறுகிறது. சில நாள்களில் நன்றி பாடலாக வரும். சில நாள்களில் விலகி ஓடாமல் நிற்பதே நன்றி. எண்பத்தெட்டாம் திருப்பாடல் இருளோடே முடிவடைகிறது. அதுவும் மன்றாட்டே எனத் திருச்சபை இன்றும் செபித்து வருகிறது.

எனவே, துன்புறுவோரிடம் பவுலின் வசனத்தைக் கொண்டு செல்லும்போது ஓரியூர் மடலின் வரிசையை நாமும் பின்பற்றுவோம். முதலில் அவர்தம் துன்பத்தை உள்ளபடி சொல்லவிடுவோம்; நாள் வாரியாக, இடையில் மறித்துப் பேசாமல் கேட்போம். அதன் பின்னரே, இழப்பு பறிக்காமல் விட்டது எது என்று அவரோடு சேர்ந்து தேடுவோம். அது ஒரு பிள்ளையாகலாம். வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்த அண்டை வீட்டாராகலாம். அதுவும் தென்படாத நாளில், நம் திருப்பலியில் அவர் பெயரைச் சொல்லி, அவரால் செலுத்த இயலாத நன்றியை அவருக்காக நாம் செலுத்துவோம். ஓரியூர்ச் சிறையிலிருந்து ஒருவர் தம் சகோதரரிடம் கேட்டதும் இதுவே அன்றோ?