ஃபஸ்லுதீன் முடிக்காத வசனம்

சஆதத் ஹஸன் மண்ட்டோவின் ‘டோபா டேக் சிங்’ கதையைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறார்கள். இரண்டு முள்வேலிகளுக்கு நடுவே, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மண்ணில் பிஷன் சிங் குப்புற விழுந்து கிடக்கும் கடைசிக் காட்சி அது. நாட்டைப் பிரித்த தலைவர்களை விடப் பைத்தியக்காரன் தெளிவானவன் என்று முடிவுரை எழுதிப்போட்டு எழும்பிவிடுகிறார்கள். இது பிழையான வாசிப்பு அல்ல. ஆனால் சுகமான வாசிப்பு. குற்றம் முழுவதையும் ஜின்னா, நேரு, மவுண்ட்பேட்டன் ஆகியோரின் தலையில் இறக்கிவைத்துவிட்டு வாசகன் நல்லவனாக வீட்டுக்குப் போகலாம்.

கதை தெரிந்ததுதான். பிரிவினை நடந்து இரண்டு மூன்று வருடங்களின் பின், கைதிகளை மாற்றிக்கொண்டதைப் போலப் பைத்தியக்காரர்களையும் மாற்றிக்கொள்ள இரு அரசுகளும் தீர்மானிக்கின்றன. லாஹூர் ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடமாக இருக்கும் சீக்கியர் பிஷன் சிங், தன் ஊரான டோபா டேக் சிங் எந்த நாட்டில் இருக்கிறது என்று காண்பவரிடமெல்லாம் கேட்கிறார். இது பைத்தியக் கேள்வியே அல்ல. பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டது 1947 ஜூன் 3இல். எல்லை கீற வந்த ராட்கிளிஃப் இந்தியாவில் இறங்கியது ஜூலை 8இல். கோடு எங்கே ஓடுகிறது என்று சனங்களுக்குச் சொல்லப்பட்டது ஓகஸ்ட் 17இல். அதற்குள் இரு நாட்டிலும் கொடியேற்றியாகிவிட்டது. எல்லையோரத்துப் பஞ்சாபியர் எத்தனையோ பேர், சுதந்திரம் கிடைத்த பிறகும் தாங்கள் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று தெரியாமல்தான் நின்றார்கள்.

என் பார்வையில் கதையின் உயிர் அந்தக் கேள்வியில் இல்லை. ஃபஸ்லுதீன் வரும் அரைப் பக்கத்தில் இருக்கிறது. அவன் அதே ஊர் முஸ்லிம், பழைய சிநேகிதன். பார்க்க வந்தவன், உன் ஆட்கள் எல்லாரும் சுகமாக ஹிந்துஸ்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், என்னால் ஏலுமான உதவியைச் செய்தேன் என்கிறான். பிறகு மகள் ரூப் கௌரின் பேரை எடுக்கிறான். அங்கே வார்த்தை தடக்குகிறது. ஒரு கணம் நிறுத்தி, அவளும் சுகமாகத்தான் போனாள் என்று ஒப்பேற்றுகிறான். அதோடு பேச்சு மாறுகிறது. சொந்தக்காரருக்கு ஸலாம் சொல்லச் சொல்கிறான், எருமைகள் கன்று போட்ட கதையைச் சொல்கிறான். மண்ட்டோ ஒரு விளக்கமும் தரவில்லை. அந்த மாதங்களில் இரு பக்கத்திலும் கடத்தப்பட்ட பெண்கள் 75,000 பேர் வரை என்பது ஒரு மதிப்பீடு. அந்தத் தொகை எதுவும் இல்லாமல், முடிக்காத ஒரு வசனத்தால் மண்ட்டோ அதைச் சொல்லிவிடுகிறார்.

ஃபஸ்லுதீன் கெட்டவன் அல்ல. அதுதான் எங்களைச் சங்கடப்படுத்துகிறது. கெட்டவனாக இருந்தால் அவன் வேறு, நாங்கள் வேறு என்று சொல்லித் தப்பலாம். உதவி செய்த நல்ல முஸ்லிமுக்கும் வாய் திறந்து சொல்ல முடியாத ஒன்று தன் ஊரில் நடந்திருக்கிறது.

இதே மண்ட்டோதான் 1948இல் ‘கோல் தோ’ எழுதினார். அமிர்தசரஸிலிருந்து வந்து மகள் ஸகீனாவைத் தேடும் சிராஜுதீனுக்கு உதவ வருகிற இளைஞர்கள், தகப்பனின் சொந்தச் சமூகத்துத் தொண்டர்கள். அவளைக் கண்டுபிடித்துச் சீரழிப்பவர்களும் அவர்களே. அதை வெளியிட்ட ‘நுகூஷ்’ சஞ்சிகை நிறுத்தி வைக்கப்பட்டது. ‘தண்டா கோஷ்த்’தில் கொடுமை செய்பவன் சீக்கியன், அதற்காக மண்ட்டோவை லாஹூர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். பம்பாயை விட்டு 1948 ஜனவரியில் பாகிஸ்தானுக்குப் போய், 1955இல் அங்கேயே மௌத்தான எழுத்தாளர் அவர். இரு பக்கமும் பிழை என்று தராசு பிடிக்க அவர் எழுதவில்லை. தன் ஆட்கள் செய்ததைத் தன் மொழியில், தன் ஆட்கள் வாசிக்கும் சஞ்சிகையில் எழுதினார்.

குறையும் உண்டு. ஆஸ்பத்திரிப் பகுதியில் வேடிக்கைகள் கூடிப்போய்விட்டன. உயர்தர வகுப்பில் வாசித்துக் காட்டினால், மரத்தில் ஏறி இரண்டு நாடும் வேண்டாம் என்பவனுக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் ஃபஸ்லுதீன் வந்துபோய்விடுகிறான்.

இலங்கை முஸ்லிம் வாசகருக்கு இக்கதை இரண்டு பக்கமாலும் திறக்கும். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் இதைப் பிஷன் சிங்கின் பக்கத்திலிருந்து வாசிப்பார்கள்; அவர்களுடைய ஃபஸ்லுதீன், ஒன்றும் சொல்ல ஏலாமல் படலையில் நின்ற தமிழ் அயலவர். அந்த வலியை நாங்கள் எழுதியிருக்கிறோம், இன்னும் எழுத வேண்டும். ஆனால் கிழக்கில் எங்கட பக்கத்திலிருந்து தமிழ்ச் சனத்துக்கு நடந்தவை பற்றிக் கதைக்க வரும்போது, நாங்களும் ஃபஸ்லுதீனைப் போல ஒரு கணம் தடக்கி, எருமைக் கன்றுகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுகிறோம். எங்கள் சிறுகதைகளில் ஸகீனாவின் தகப்பன் பலர் இருக்கிறார்கள். ரூப் கௌரின் பேரை எடுத்துவிட்டு வசனத்தை முடிக்கிற ஒருவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.