செய்தி சுமக்கும் வில்

சுப்பு ஆறுமுகத்துக்கு 2021இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோதும், மறு ஆண்டு அக்டோபரில் அவர் மறைந்தபோதும் ஒரே புகழுரைதான் திரும்பத் திரும்பக் கேட்டது: அழியவிருந்த வில்லுப்பாட்டுக்கு அவர் உயிர் கொடுத்தார். நாஞ்சில் நாட்டு ஊர் ஒன்றில் விடிய விடியக் கோயில் கொடை விழா பார்த்த யாருக்கும் இந்தப் புகழுரை உறுத்தும். அவர் சென்னையில் ஏறிய மேடைகள் எல்லாம் இல்லாமல் போயிருந்தாலும் சுடலைமாடன் கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் வில் ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். அவரால் உயிர் பெற்றது வேறொன்று. அதை வில்லுப்பாட்டு என்று எண்ணிக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது.

அவருடைய தகுதியில் ஐயமில்லை. 1928இல் நெல்லைச் சீமையில் பிறந்தவர். ஒழுகினசேரிக்காரரான கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அவருடைய திறமையைக் கண்டு 1940களின் இறுதியில் சென்னைக்கு அழைத்துச் சென்றார். காந்தியின் வாழ்க்கையை வில்லில் பாடும்படி எழுதினார். கலைவாணருக்கும் பின்னர் நாகேஷுக்கும் நகைச்சுவைப் பகுதிகள் எழுதினார். இராமாயணத்தையும் மகாபாரதத்தையும் வில்லில் ஏற்றி, வானொலிக்கும் சபாக்களுக்கும் வெளிநாட்டுத் தமிழர்களிடமும் கொண்டுபோனார். அவர் மகள் பாரதி திருமகன் அந்த வழியைத் தொடர்கிறார். தெளிவான தமிழ், இனிய குரல், கூட்டத்தைச் சிரிக்கவைக்கும் நேரம் அறிந்த நாக்கு. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கலையில் நின்ற மனிதர். விருது அவருக்குப் பொருத்தமானதே.

ஆனால் அவருடைய புகழ் ஒரு வழக்கத்தை நிலைநிறுத்திவிட்டது. வில்லுப்பாட்டு என்றால் 'நல்ல கருத்துகளை மக்களிடம் கொண்டுசேர்க்கும் எளிய ஊடகம்' என்ற நினைப்பு ஊறிப்போனது. அறிவொளி இயக்கத்துக்கு வில், சிறுசேமிப்புக்கு வில், எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கு வில், தேர்தல் வந்தால் வாக்களிக்கச் சொல்லவும் வில். பெயர்கூட மாறியது. பழைய ஆட்கள் வில்லடிச்சான்பாட்டு என்பார்கள், ஊரில் வெறுமனே 'வில்லு' என்றாலே போதும். மேடைக்கு வந்ததும் அது 'வில்லிசை' ஆகிவிட்டது. பெயரில் இருந்து அடி போய்விட்டது.

கொடையில் நடப்பது என்ன? நடுவில் வில்லும் வீசுகோலுமாகப் புலவர் இருப்பார். குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் உடன். வலத்தில் இருப்பவர்கள் பாட, இடத்தில் இருப்பவர்கள் வாங்கிப் பாடுவார்கள். எதிரே கூட்டம் இருந்தாலும் புலவரின் கண் அருள் வந்து ஆடும் சாமியாடியின் மேல்தான். அவர் உடம்பில் நடுக்கம் தெரிகிறதா, கதையை எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் அடியை முறுக்குவது என்பதெல்லாம் அந்தப் பார்வையில் முடிவாகும். நாஞ்சில் நாட்டில் தங்கி இந்தக் கலையை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என இரண்டாகப் பிரித்தார். கயிலாயத்தில் பிறந்து இறங்கி வரும் தெய்வங்களின் கதை ஒருவகை. இந்த மண்ணில் வெட்டுப்பட்டு, வஞ்சிக்கப்பட்டு, தூக்கில் தொங்கிச் செத்துத் தெய்வமானவர்களின் கதை மற்றொன்று. அருள் மிக வலுவாக இறங்குவது இந்த இரண்டாம் வகையில்தான். சாவு நெருங்க நெருங்கப் பாட்டு வேகம் கொள்ளும். அந்தச் சாவைத் திரும்ப நிகழ்த்துவதற்காகத்தான் புலவருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு.

ஒரு மணி நேரச் சபா நிகழ்ச்சியில் இதில் எது மிஞ்சும்? சாமியாடி இல்லை. செத்தவர் இல்லை. அவருக்குக் கடன்பட்ட குடும்பங்கள் இல்லை. குடமும் மணியும் ஜிகினாத் துணியும் மட்டும் வந்து சேர்கின்றன. கொடையில் கதையை இறுக்கிப் பிடிக்கும் பின்பாட்டுக்காரர் இங்கே 'ஆமாம்' போடுகிறவராகவும் கேலிக்குக் கேள்வி எடுத்துக்கொடுக்கிறவராகவும் சுருங்கிவிடுகிறார். செய்தி சொல்லத் தாளம் தேவை, சிரிப்பு தேவை. ஒரு மனிதனின் சாவை ஊரார் எல்லாரும் சேர்ந்து சுமக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. செய்தி எழுதியவருக்குச் சொந்தம், திட்டத்துக்குச் சொந்தம். திட்டம் முடிந்தால் பாட்டும் முடிகிறது. சிறுசேமிப்புக்காக எழுதிய வில்லுப்பாட்டு ஒன்றை இன்று யார் நினைவில் வைத்துப் பாடுகிறார்கள்?

கொடை வில்லிலும் குறையுண்டு என்பார்கள். உண்மைதான். அது சாதிக்கும் கோயிலுக்கும் கட்டுப்பட்டது. சம்பளம் குறைவு. நள்ளிரவுக்கு முன்னும் பின்னும் சினிமா மெட்டு நுழைந்து நெடுநாளாயிற்று. பெண்களை மேடையேற்றியது நகரம் என்ற வாதம் மட்டும் நிற்காது. குமரியிலும் நெல்லையிலும் பெண்கள் தலைமையேற்ற குழுக்கள் ஊர் ஊராகக் கொடைக்குப் போயிருக்கின்றன. மற்றக் குறைகளும் கதையை நீக்கினால் தீரக்கூடியவை அல்ல. கதையை நீக்கியவர்கள் அவற்றைத் தீர்க்கவும் இல்லை.

சாதியைப் பற்றிய செய்தியே வேண்டும் என்பவர்கள் முத்துப்பட்டன் கதையைக் கேட்கட்டும். பிராமணனான பட்டன், வாலப்பகடை என்ற சக்கிலியரின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்புகிறான். பூணூலையும் குடுமியையும் அறுத்துவிட்டு, செருப்புத் தைத்துக் காட்டி மருமகனாகிறான். மாமனாரின் மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் உடன் தீப்பாய்கிறார்கள். அவர்கள் பிறப்பால் பிராமணப் பெண்களே என்று பின்னால் ஒட்டவைத்த பாடமும் இருக்கிறது. கதையின் கூர்மை யாருக்கோ பொறுக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. இந்தக் கதையைச் 'சாதி ஒழிப்பு' என்ற தலைப்பில் அரைமணி நேரத்துக்குச் சுருக்கிப் பாட முடியும். கைதட்டலும் கிடைக்கும். பட்டன் செருப்புத் தைக்க உட்காரும் இடத்தில் வரும் அமைதி கிடைக்காது. அதற்கு முன் பல மணி நேரம் அவனோடு நடந்திருக்க வேண்டும்.

பாபநாசம் மலைக்கு மேலே, காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில், பட்டவராயன் என்ற பெயரில் அவனுக்குச் சன்னதி இருக்கிறது. அங்கே பக்தர்கள் காணிக்கையாகத் தோல்செருப்புச் செலுத்துகிறார்கள். புதிதாகக் கட்டித் தொங்கவிட்ட செருப்பு அடுத்த ஆண்டு வரும்போது தேய்ந்திருக்கும், பட்டன் போட்டுக்கொண்டு காட்டில் நடந்திருப்பான் என்று சொல்லி, அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.