பிரிக்காத பெட்டி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் புதுச்சேரி ஆரம்பிப்பது கனகசெட்டிக்குளத்தில். எல்லை தாண்டியதும் பாட்டில் வாங்குகிறவர்களைக் கவனியுங்கள். மூடியைத் திருகிப் பார்ப்பார்கள், லேபிளை நகத்தால் சுரண்டுவார்கள், கவிழ்த்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா, போகட்டும். ராத்திரி திறந்தால் தெரிந்துவிடப் போகிறது.

திறக்கவே கூடாத சரக்காக இருந்தால்?

லோகன் பால் என்ற அமெரிக்க யூடியூபர் 2022 ஜனவரியில் வெளியிட்ட வீடியோ அப்படி ஒரு சரக்கைப் பற்றியது. 1999-ல் வந்த போக்கிமான் கார்டு, முதல் பதிப்பு. ஆறு பெட்டிகள் அடங்கிய, சீல் உடைக்காத ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அவர் கொடுத்த விலை 35 லட்சம் டாலர். அன்றைய கணக்கில் சுமார் 26 கோடி ரூபாய். அசல் என்று ஒரு நிறுவனம் சான்று கொடுத்திருந்தது. ரசிகர்கள் சந்தேகம் கிளப்பவே, மனிதர் சிகாகோவுக்குப் பறந்து, சான்று கொடுத்தவர்களை வைத்துக்கொண்டே பிரிக்கிறார். உள்ளே ஜி.ஐ.ஜோ கார்டு!

அதிர்ச்சி நன்றாகவே பதிவாகியிருக்கிறது. எனக்குக் குறை வேறு இடத்தில். முதல் தடவை எதைப் பார்த்து 'அசல்' என்றார்கள்? அங்கேதான் வீடியோ இன்னும் கொஞ்சம் நின்றிருக்க வேண்டும்.

தனிப் பெட்டி என்றால் சோதிக்க ஏதோ இருக்கிறது. மேலே சுற்றிய பிளாஸ்டிக்கில் கம்பெனி முத்திரை, ஓரத்தில் ஒட்டிய விதம். தனிப் பாக்கெட்டை எடை போடுகிற கில்லாடிகளும் உண்டு. பளபளக்கும் கார்டு உள்ளே இருந்தால் எடை ஒரு துளி கூடும். பெரிய பெட்டியிலோ இதெல்லாம் உள்ளே போய்விடுகிறது. வெளியே மிஞ்சுவது அட்டை, டேப், லேபிள், விற்கிறவர் சொல்லும் கதை. பிரித்துப் பார்த்துவிடலாமே என்றால், பிரிக்காமல் இருப்பதற்குத்தான் சார் அந்த விலையே!

நான் பி.காம். கையிருப்பை எண்ணிப் பார் என்றுதான் ஆடிட்டிங் பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணினால் மதிப்பு குறைந்துவிடும் கையிருப்பைப் பற்றிப் படித்ததாக ஞாபகம் இல்லை.

உங்கள் பிள்ளை இப்படி ஒரு பெட்டிக்குப் பணம் கேட்டால் சான்றிதழை அப்புறம் பாருங்கள். உள்ளே வேறு சரக்கு இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவது யார் என்று முதலில் கேளுங்கள். அதை எழுத்தில் வாங்குங்கள்.