நந்தினியும் நல்லோரின் மௌனமும்

தஞ்சைத் தரணியில் 'பொன்னியின் செல்வ'னைப் படித்தவர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால், பேச்சு வந்தியத்தேவனில் தொடங்கினாலும் நந்தினியிடத்தில்தான் வந்து நிற்கும். "அவள் நஞ்சு" என்பார் ஒருவர். "அவளை நஞ்சாக்கியவர்கள் யார்?" என்று கேட்பார் மற்றவர். 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954 மே வரை அந்தப் புதினம் தொடராக வெளிவந்தது. மூன்றரை ஆண்டுக் காலம் வாரந்தோறும் மணியத்தின் ஓவியத்தோடு அவளைக் கண்டவர்கள் தொடங்கி வைத்த வழக்கு அது. மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022இலும் 2023இலும் வந்தபோது, புதினத்தைப் படித்திராத இளைஞர்களும் அவ்வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். எழுபது ஆண்டுகள் கடந்தும் தீராத ஒரு வழக்கில் தீர்ப்பைத் தேடுவதைவிட, அது ஏன் தீரவில்லை என்று ஆராய்வது பயன் தரும்.

கதையை நினைவுபடுத்திக்கொள்வோம். பழையாறை அரண்மனைப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த அர்ச்சகர் வீட்டுப் பெண் நந்தினி. இளவரசன் ஆதித்த கரிகாலன் அவள்மீது அன்பு கொள்கிறான். பெரியவர்கள் அவளை அவன் கண்ணுக்கு எட்டாத தொலைவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பின்னர், போரில் காயமுற்ற வீரபாண்டியன் அவளுடைய குடிசையில் அடைக்கலம் புகுகிறான். அவனைக் கொல்ல வேண்டாமென்று அவள் கரிகாலனின் காலைப் பிடித்துக் கெஞ்சுகிறாள். அவன் கேளாமல் தலையைக் கொய்கிறான். அந்த நாளிலிருந்து அவள் வாழ்வுக்கு ஒரே நோக்கம்தான் உண்டு: பழி. வயது முதிர்ந்த பெரிய பழுவேட்டரையரை மணந்து தஞ்சைக் கோட்டைக்குள் நுழைகிறாள். சோழப் பேரரசின் சிற்றரசர்களும் இளவரசர்களும் ஒருவர் பின் ஒருவராக அவள் இழுத்த இழுப்புக்கு ஆடுகிறார்கள்.

இத்தனை பேரை ஒரு பெண் எப்படி ஆட்டிவைக்க முடியும்? மாயமோ மந்திரமோ என்று கதைமாந்தர் ஐயுறுகிறார்கள். அவளைச் சுற்றி மந்திரவாதி என்று பெயர் பெற்ற இரவிதாசனின் ஆந்தைக் குரலும் கேட்கிறது. எனினும் அவள் காரியம் எதுவும் மந்திரத்தால் கைகூடுவதாகக் கல்கி காட்டவில்லை. ஒவ்வொரு மனிதனிடமும் ஏற்கெனவே இருந்ததையே அவள் பயன்படுத்துகிறாள். உடலெங்கும் விழுப்புண் சுமந்த பழுவேட்டரையரிடம் முதுமையின் தனிமை இருந்தது. மதுராந்தகனிடம் சிவபக்திக்குக் கீழே அரியணை ஆசை மறைந்திருந்தது. கந்தமாறனிடம் குலப்பெருமை இருந்தது. பார்த்திபேந்திரனிடம் மோகம் இருந்தது. கரிகாலனிடம் மனச்சான்றின் புண் இருந்தது. பூட்டுகள் அவர்களுடையவை. ஒவ்வொரு பூட்டுக்கும் உரிய சாவி எதுவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சோதனை வெளியிலிருந்து வருவதாகத் தோன்றினாலும், அதன் வேர் நம் இச்சையில் இருக்கிறது என்று யாக்கோபின் திருமுகம் கூறுவதை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. வந்தியத்தேவனும் அவள் அழகில் தடுமாறுகிறான். ஆயினும் தான் தடுமாறுவது அவனுக்குத் தெரிகிறது. அந்த அறிவே அவனைக் காக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஆதித்த கரிகாலன் கொலையுண்டது உண்மை நிகழ்ச்சி. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் பெயர்களை அது குறிப்பிடுகிறது. அவர்களுடைய உடைமைகளோடு உறவினரின் உடைமைகளையும் பறிக்க ஆணையிடுகிறது. கொலையின் காரணத்தைச் சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஆய்வாளர்கள் பலவாறாக நிரப்பினர். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். அதை மறுத்தவர்களும் உண்டு. கல்கி அந்த இடைவெளியில் ஒரு பெண்ணைப் படைத்து வைத்தார். கல்லில் நந்தினி இல்லை.

அலெக்சாந்தர் டூமாவின் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்' (1844) என்ற பிரெஞ்சுப் புதினத்தை அறிந்தவர்கள் இங்கே மிலேடியை நினைவுகூர்வார்கள். பக்கிங்ஹாம் பிரபுவை 1628இல் ஃபெல்டன் என்பவன் குத்திக் கொன்றது வரலாறு. அந்தக் கையின் பின்னால் மிலேடி என்னும் கற்பனைப் பெண்ணின் நாவை வைத்தவர் டூமா. கல்கி செய்ததும் ஏறக்குறைய அதுவே. ஆண்கள் செய்த அரசியல் கொலைக்குப் பின்னால் ஓர் அழகிய பெண்ணை நிறுத்துவது நியாயமா என்று இன்றைய வாசகர், குறிப்பாகப் பெண் வாசகர், கேட்பது சரியான கேள்வியே. ஆயினும் இருவருக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. டூமாவின் வீரர்கள் மிலேடியின் குற்றங்களை ஒவ்வொன்றாக எண்ணித் தீர்ப்பிட்டு, ஆற்றங்கரையில் அவள் தலையை வெட்டச் செய்கிறார்கள். வாசகனுக்கு மனம் ஆறிவிடுகிறது. கல்கி நந்தினியை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தவில்லை. கணவரின் கால்களைத் தொட்டு விடைபெற்று அவள் மறைந்துபோகிறாள். தீர்ப்பு நம்மிடம் விடப்படுகிறது. வழக்கு தீராமல் இருப்பதற்கு இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. நந்தினியைப் பேய் என்போரும் பலியாடு என்போரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். இரு சாராருமே அவளுடைய சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறார்கள். பேய்க்குத் தீமை இயல்பு. பலியாட்டுக்குச் செயலே இல்லை. கல்கியின் நந்தினியோ ஒவ்வொரு படியிலும் தேர்ந்தெடுக்கிறாள். நோயுற்றுக் கிடக்கும் சுந்தர சோழர் முன் நள்ளிரவில் மந்தாகினியின் ஆவிபோல் தோன்றி அவரை வதைக்கிறாளே, அதற்கு எந்தப் பழைய துயரும் ஈடு சொல்லாது. தன்னை உண்மையாக நேசித்த கிழவரை ஏணியாக மட்டும் வைத்துக்கொண்டதும் அப்படியே. கடம்பூர் மாளிகையிலோ, கையருகே வாள் இருந்தும் அவள் மனம் தடுமாறுகிறது. தடுமாற்றம் சுதந்திரத்தின் அடையாளம். திரும்பிவர வழியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இங்கே குந்தவையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இளைய பிராட்டியும் சூழ்ச்சி அறிந்தவள்தான். பழையாறையில் இருந்தபடியே ஈழம் வரை காய் நகர்த்துகிறாள். வந்தியத்தேவனின் அன்பை அவளும் பயன்படுத்திக்கொள்கிறாள். அப்படியானால் இருவருக்கும் என்ன வேறுபாடு? குந்தவை ஒருவனை அனுப்பும்போது, எதற்காக அனுப்புகிறாள், வழியில் என்ன ஆபத்து உண்டு என்பதைச் சொல்லி அனுப்புகிறாள். மறுக்க அவனுக்கு இடமிருக்கிறது. நந்தினியிடம் பணி செய்பவனுக்கு அவன் எதற்காகப் பயன்படுகிறான் என்பதே தெரியாது. மனிதனை அறிவோடு உடன்படச் செய்வது தலைமை. அறியாமல் நடக்கச் செய்வது அவனைக் கருவியாக்குவது. ஆலயத்திலும் சங்கத்திலும் குடும்பத்திலும் பொறுப்பு வகிக்கும் நமக்கு இந்த அளவுகோல் உதவும்.

ஆயினும் குந்தவையின் கரங்களும் முழுத் தூய்மையானவை அல்ல. அர்ச்சகர் வீட்டுப் பெண் தன் தமையனோடு பழகியதைச் சிறுமி குந்தவை பொறுக்கவில்லை. அதைவிடப் பெரியது பெரியவர்களின் மௌனம். மந்தாகினி உயிரோடிருப்பதை அறிந்த முதன்மந்திரி அநிருத்தர் அதைச் சுந்தர சோழரிடம் மறைக்கிறார். தாம் மகனென வளர்த்தவன் தாம் பெற்ற பிள்ளையல்ல என்பதைச் செம்பியன் மாதேவியார் நெடுங்காலம் தம் நெஞ்சுக்குள் வைத்திருக்கிறார். நந்தினியின் பிறப்பைப் பற்றி அரைகுறைச் செய்திகளே கரிகாலனை வந்தடைகின்றன. இவர்களில் எவரும் தீயவர் அல்லர். நாட்டின் நன்மைக்காக, குலத்தின் மானத்துக்காக, நோயாளியின் மன அமைதிக்காக என்று ஒவ்வொரு மறைப்புக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. அந்த மௌனங்கள் எல்லாம் சேர்ந்து ஓர் இருட்டறையை உண்டாக்கின. நந்தினி அதற்குள்தான் நடமாடினாள். வெளிச்சம் இருந்திருந்தால், ஆவி வேடத்தைக் கண்டு ஒரு சக்கரவர்த்தி நடுங்கியிருப்பாரா?

நந்தினியின் வல்லமைக்கு இதுவே விளக்கமென்று எனக்குத் தோன்றுகிறது. அவளுடைய அறிவு பாதியே. மறு பாதியை நல்லவர்களின் மௌனம் அவளுக்குக் கொடுத்தது. திருப்பலியின் தொடக்கத்தில் நாம் குற்றத்தை அறிக்கையிடும்போது, செய்தவற்றோடு செய்யாமல் விட்டவற்றையும் சேர்த்தே சொல்கிறோம். சொல்லியிருக்க வேண்டிய உண்மையைச் சொல்லாமல் விடுவதும் அந்தக் கணக்கில் சேரும்.

கத்தியை எறிந்தது யார் என்பது வாசகர்களின் தீராத மற்றொரு கேள்வி. கல்கி அதை மங்கலாகவே விடுகிறார். பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்கிறார். துப்பறியும் கதையில் இந்த வினா முக்கியம்; அறத்தின் வழக்கில் அத்தனை முக்கியம் அன்று. திருவிவிலியத்தில் உரியாவைக் கொன்றது அம்மோனியரின் வாள். தாவீது களத்திலேயே இல்லை. ஆயினும் இறைவாக்கினர் நாத்தான் வந்து நின்றது தாவீதின் முன்னால்தான். ஒருவன் சாகும்படி அறையை ஒழுங்கு செய்தவரின் குற்றம், விளக்கு அணைந்தபின் எந்தக் கை கத்தியைப் பிடித்தது என்பதால் குறைந்துவிடாது. அந்த அளவில் நந்தினி குற்றவாளியே.

படைப்பில் குறை இல்லாமலில்லை. அவளுடைய தாய் தந்தையரைப் பற்றிய புதிர் அளவுக்கு மீறித் திருப்பங்கள் கொள்கிறது. ஒரு பெண்ணின் துயரம், ஒருவகையில், விடுகதையாகச் சுருங்கிவிடுகிறது. கதை முடிந்தபின் வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்கக் கல்கி முடிவுரை ஒன்றை எழுத வேண்டியிருந்தது. புதிரின் மீதே கவனம் நிற்கும்போது, மனந்திரும்புதல் அவளுக்கு இயலுமா என்ற பெரிய கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

நந்தினி வாசகரையும் வசப்படுத்துகிறாள் என்பதை மறக்கலாகாது. அவள் கண்ணீரைக் கண்டு, அவள் வதைத்தவர்களை மறந்துவிடும் கணத்தில் நாமும் கந்தமாறனாகிவிடுகிறோம். அவள் குற்றங்களை மட்டும் எண்ணி, காலைப் பிடித்துக் கெஞ்சிய அந்தப் பெண்ணை மறந்தாலோ, கெஞ்சலைக் கேளாமல் வாளை ஓங்கிய கரிகாலனாகிவிடுகிறோம். இரக்கம் வேறு, விடுதலைத் தீர்ப்பு வேறு; இரண்டையும் குழப்பாமல், ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடாமல் வைத்துக்கொள்வதே வாசகரின் கடமை. உடையார்குடிக் கல்வெட்டுக்கு அந்தக் கடமை இல்லை. அது குற்றவாளிகளின் உறவினரையும் சேர்த்துத் தண்டித்துவிட்டு ஓய்ந்தது. மனிதரை மனிதராக நிறுத்தித் தீர்ப்பிட முயலும்போது வழக்கு நீளத்தான் செய்யும். நந்தினியைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழும்போது, அவள் நல்லவளா கெட்டவளா என்பதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: நம் வீட்டில் நல்ல நோக்கத்தோடு மறைத்து வைக்கப்பட்டிருக்கும் உண்மை எது? அதன் விலையைக் கொடுக்கப்போவது யார்?