வாழைக்குலையும் இசைத்தட்டும்

1956ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளியான இசைத்தட்டொன்று, அந்நாட்டு விற்பனைப் பட்டியலிலே 31 வாரங்கள் முதலிடத்தில் வீற்றிருந்தது. 'கலிப்சோ' என்பது அதன் பெயர். பாடியவர் ஹரி பெலபொன்ரே என்னும் கறுப்பினக் கலைஞர். இளைஞர் உலகை ஆட்டிப்படைத்த எல்விஸ் பிரெஸ்லியின் முதலாவது நெடுந்தட்டும் அதே ஆண்டில் அதே கம்பனியால் வெளியிடப்பட்டது. அதற்கு அவ்விடம் வாய்த்தது 10 வாரங்களுக்கே. தனியொரு பாடகரின் நெடுந்தட்டு பத்து இலட்சம் பிரதிகளைத் தாண்டியது 'கலிப்சோ'வோடுதான் முதன்முதலாக நிகழ்ந்தது என்பர். பேருந்திலே வெள்ளையர் முன்னாசனத்திலும் கறுப்பர் பின்னாசனத்திலும் அமரவேண்டுமென்ற சட்டத்தை எதிர்த்து மொன்ற்கொமறி நகர மக்கள் கால்நடையாக வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஆண்டு அது. தம் பக்கத்தில் உட்காரவிடாத ஒருவனின் குரலை வெள்ளைக் குடும்பங்கள் தம் வீட்டு விருந்தினர் அறையிலே விரும்பிக் கேட்டன. இம்முரண்பாடு விளக்கம் வேண்டுவது.

இத்தகைய வெற்றியைப் பற்றி நம்மிடையே இரு வகையான தீர்ப்புகள் வழங்குகின்றன. இலட்சக்கணக்கானோர் விரும்பினர், ஆகவே அது மக்கள் கலையே என்பது ஒரு சாரார் கூற்று. இலட்சக்கணக்கில் விற்றது; ஆகவே அது வாணிபச் சரக்கே என்பது மறுசாரார் கூற்று. இரண்டும் ஒன்றற்கொன்று எதிரானவை போலத் தோன்றினும், விற்பனைத் தொகையைக் கொண்டே கலையின் இயல்பைத் தீர்மானிக்க முயல்வதில் இரண்டும் ஒன்றே. பாடலைக் கேட்காமலே தீர்ப்புக் கூறும் வழிகள் இவை. நாம் பாடலைக் கேட்டு, அது பிறந்த இடத்தையும் சென்று சேர்ந்த இடத்தையும் ஆராய்ந்து, அதன்பின் முடிவுக்கு வர விரும்புகிறோம்.

முதலில் பட்டியல் என்பதுதான் என்ன? இசைத்தட்டு வணிகர்களுக்கென வெளிவரும் 'பில்போர்ட்' என்ற ஏடு, எந்தத் தட்டு எவ்வளவு விலைபோகின்றது எனக் கடைகளிலே விசாரித்துத் தொகுத்த வரிசையே அது. நெடுந்தட்டுகளுக்கான முறையான வாராந்தப் பட்டியலை அது 1956 மார்ச்சிலே தொடங்கியபோது முதன்முதலாக முதலிடம் பெற்றதும் பெலபொன்ரேயின் தட்டொன்றே. கடைக்காரன் எதனை வாங்கி அடுக்கவேண்டும் என்பதை அறிய இப்பட்டியல் உதவும். வாங்கியவன் எதனைக் கேட்டான், எதனை விளங்கிக்கொண்டான் என்பதை அது சொல்லாது. சொல்லவேண்டும் என நாம் எதிர்பார்ப்பதும் நியாயமன்று.

பெலபொன்ரே 1927இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலே பிறந்தார். தாயார் ஜமெய்க்காவிலிருந்து குடிபெயர்ந்து வந்து பிறர் வீடுகளில் வேலைசெய்து பிழைத்தவர். 1930களிற் சில ஆண்டுகளைச் சிறுவன் ஜமெய்க்காவிலே கழித்தான். பள்ளிப்படிப்பை முடிக்கவில்லை, இரண்டாம் உலகப்போரின்போது கடற்படையிற் சேர்ந்தார், போரின்பின் கட்டடத் துப்புரவுப் பணியாளருக்கு உதவியாளராக இருந்தார். நாடகத்தின்மீது கொண்ட மோகத்தால், ஜேர்மன் இடதுசாரி நாடக நெறியாளர் எர்வின் பிஸ்காற்றரின் பயிற்சிக்கூடத்திலே பயின்றார். பாடலை ஒரு நாடகக் காட்சியாகக் கண்டு, பாடுவோன் யார், எந்நிலையில் நின்று பாடுகிறான் என்பதைக் குரலிலே காட்டும் அவரது ஆற்றலுக்கு இப்பயிற்சி காரணமாயிற்று எனக் கருதலாம்.

இனி, அத்தட்டின் புகழ்பெற்ற முதற்பாடலாகிய 'டே-ஓ'வை நோக்குவோம். ஜமெய்க்காவிலே 1870கள் தொடக்கம் வாழைப்பழ ஏற்றுமதி வளர்ந்தது. 1899இல் உருவான யுனைற்றெட் புரூற் கம்பனி அவ்வாணிபத்தின் பெரும்பகுதியைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. பழம் பழுத்துக் கெடுமுன் கப்பல் புறப்படவேண்டும். ஆகவே இரவிரவாகக் குலைகள் ஏற்றப்பட்டன. சுமப்போர் குலையைத் தலைமேல் ஏந்திக் கணக்கப்பிள்ளையைக் கடந்து செல்வர், அவன் எண்ணிக் குறிப்பான், குலைக்கணக்கிலேயே கூலி. அவன் எண்ணினாலன்றிக் கூலியுமில்லை, வீடு திரும்பலுமில்லை. இரவு முழுதும் சுமந்து களைத்தவன் விடியற்பொழுதிலே கணக்கை முடிக்கும்படி வேண்டுவதே இப்பாடலின் பொருள். 1938இல் இதே தீவிலே கரும்புத்தோட்டத் தொழிலாளரும் கிங்ஸ்ரன் துறைமுகத் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்து வேலைநிறுத்தஞ் செய்தனர். அக்கிளர்ச்சிக்கு முன்னரே தொழிலாளர் வாயில் வழங்கிய பெருமூச்சுகளுள் ஒன்று இப்பாட்டு எனக் கொள்வது தவறாகாது.

இப்பாடலை முதலிற் பதிவுசெய்தவர் பெலபொன்ரே அல்லர். திரினிடாட்டைச் சேர்ந்த எட்ரிக் கொனர் 1952இலும், ஜமெய்க்கக் கவிஞர் லூயிஸ் பெனற் அம்மையார் 1954இலும் இதனைப் பதிவுசெய்திருந்தனர். பெலபொன்ரேக்காக இதனைச் செப்பஞ் செய்தவர்கள் இருவர். பார்பேடோஸ் நாட்டுத் தாயின் மகனாகப் புறூக்ளினிலே பிறந்த ஏர்விங் பேர்ஜி ஒருவர். 1966இல் விடுதலைபெற்ற பார்பேடோஸின் தேசியகீதத்துக்குச் சொல் தந்தவரும் இவரே. இரும்பாலைத் தொழிலாளரைப் பற்றிய நாவலை 1941இல் எழுதிய வில்லியம் அற்றவே மற்றவர். தட்டிலுள்ள 11 பாடல்களுள் 8இல் பேர்ஜியின் கை இருந்தது. தட்டின் பெயரோ பொருந்தாப் பெயர். கலிப்சோ திரினிடாட்டுக்குரியது, நாட்டு நடப்பை நையாண்டி செய்யும் வாய்த்துடுக்குள்ள கலை. இத்தட்டிலோ பெரும்பாலானவை ஜமெய்க்க நாட்டார் மரபைச் சார்ந்தவை. 'கலிப்சோ மன்னர்' என்ற பட்டத்தைப் பெலபொன்ரே விரும்பவுமில்லை. தீவுகளெல்லாம் ஒன்றே, வெயிலும் கடற்கரையுமே அவற்றின் வாழ்வு என எண்ணும் சந்தைக்கு இவ்வேறுபாடு தேவைப்படவில்லை.

பாடலின் உருவத்திலே எது காக்கப்பட்டது, எது இழக்கப்பட்டது? ஒருவன் அழைக்க மற்றோர் விடைகொடுக்கும் வேலைப்பாட்டின் அமைப்புக் காக்கப்பட்டது. வாத்தியங்களின் ஆரவாரமின்றி, வெட்டவெளியிலே எழும் தனிக்குரலோடு பாடல் தொடங்குகின்றது. அக்குரலிலே களைப்பும் உண்டு, அதட்டலும் உண்டு. கணக்கப்பிள்ளை பாடலை விட்டு நீக்கப்படவில்லை. உழைப்பவனுக்கும் எண்ணுபவனுக்கும் இடையிலுள்ள உறவு, பாடலின் நடுநாயகமாக அப்படியே நிற்கின்றது. வெறும் காதற்பாட்டுகளே கோலோச்சிய பட்டியலொன்றிலே, கூலிக்கணக்கைப் பற்றிய பாடல் அமெரிக்காவில் ஐந்தாம் இடத்தையும் பிரித்தானியாவில் இரண்டாம் இடத்தையும் 1957இல் எட்டியது சிறு செய்தியன்று.

இழப்பும் உண்டு. துறைமுகத்திலே பாட்டைத் தொடங்குபவன் கூட்டத்தில் ஒருவன். அவன் தோளிலும் சுமையுண்டு. இன்று அவன் தொடங்கினால் நாளை இன்னொருவன் தொடங்குவான். இசைத்தட்டிலோ தொடங்குபவன் நட்சத்திரமாகிவிடுகின்றான். தொழிலாளர் கூட்டம் அவனுக்குப் பின்பாட்டுக் குழுவாகி முகமிழக்கின்றது. இன்னுமொன்று: ஜமெய்க்காவின் துறைகளிலே குலை சுமந்தோருள் பெண்கள் பெருந்தொகையினராக இருந்தனர். தட்டிலே கேட்பவை ஆண் குரல்களே. தலையிற் குலையும் வீட்டிற் குழந்தையுமாக விடியலை எதிர்நோக்கிய அப்பெண்கள் இருந்தார்கள் என்பதே கேட்போர்க்குத் தெரியாமற் போயிற்று. சந்தை எப்போதும் முழுப்பாடலையும் விழுங்குவதில்லை; சிலரை மட்டும் மெல்ல விலக்கிவிடுகின்றது. விமரிசகர் நோக்கவேண்டியது இதனையே.

இதனோடு 'றம் அன்ட் கொக்கா-கோலா' என்னும் பாடலின் கதையை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். போர்க்காலத்திலே திரினிடாட்டில் முகாமிட்ட அமெரிக்கப் படையினரின் டொலர், அங்குள்ள ஏழைப் பெண்களின் வாழ்வை எங்ஙனம் குலைத்தது என்பதை எள்ளி நகையாடி லோர்ட் இன்வேடர் என்ற கலிப்சோக் கலைஞர் பாடினார். 1945இல் அன்ட்றூஸ் சகோதரிகள் அதனை அமெரிக்காவில் பாடிப் பத்து வாரங்கள் முதலிடம் பெற்றனர். ஆக்கியோன் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. வழக்காடித்தான் நியாயம் பெறவேண்டியிருந்தது. பெயரைவிடப் பெரிய களவு பொருளிலே நிகழ்ந்தது. கண்டனப்பாட்டு களியாட்டப் பாட்டாகிவிட்டது. பாதிக்கப்பட்டவரின் சிரிப்பு, பாதித்தவரின் கேளிக்கையாயிற்று. 'டே-ஓ'வுக்கு அக்கதி முற்றாக நேரவில்லை. தொழிலாளி அதில் இன்னமும் தொழிலாளியாகவே பேசுகின்றான்.

ஆனால் சந்தை எதனை ஏற்றது என்பதோடு எதனை ஏற்கவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். 1960இல் பெலபொன்ரே 'ஸ்விங் தற் ஹமர்' என்ற தட்டை வெளியிட்டார். காலிற் சங்கிலியோடு கல்லுடைத்த தென்மாநிலக் கறுப்பினக் கைதிகளின் பாடல்கள் அவை. கிராமி விருது அதற்குக் கிடைத்தது. 'கலிப்சோ' பெற்ற வரவேற்பின் அயலிலும் அது வரவில்லை. தூரத்துத் தீவின் தொழிலாளி பாடினால் இனிமை. உள்ளூர்ச் சிறையிலே பூட்டப்பட்டவன் பாடினால் உறுத்தல்! அடிமைக்காலம் தொட்டு வந்த கறுப்பின மக்களின் இசை வரலாற்றைத் தொகுக்கும் பெருமுயற்சியொன்றிலும் அவர் ஈடுபட்டார். 1961 முதல் 1971 வரை பல கலைஞரைக்கொண்டு பதிவுசெய்யப்பட்ட அத்தொகுதி, 2001ஆம் ஆண்டிலேயே மக்களுக்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் அது களஞ்சிய அறையில் உறங்கிற்று. அது எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை என்பதைக்கொண்டு அதன் பெறுமதியை எடைபோட யார் துணிவர்?

வெற்றி அவருக்கு அளித்த இடமும் எல்லையற்றதன்று. 1968இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றிலே, வெள்ளையினப் பாடகி பெற்றுலா கிளார்க் பாடியவாறு அவர் கையைத் தொட்டார். நிகழ்ச்சிக்குப் பணங்கொடுத்த மோட்டார்வண்டிக் கம்பனியின் பிரதிநிதி அதற்கு ஆட்சேபந் தெரிவித்தார். பாடகி இணங்க மறுத்தபடியால் அக்காட்சி ஒளிபரப்பாயிற்று. கோடிக்கணக்கானோர் அறிந்த பாடகருக்கே இந்நிலை.

அவ்வெற்றியைப் பெலபொன்ரே எதற்குப் பயன்படுத்தினார் என்பதும் கவனித்தற்குரியது. அவர் வழிகாட்டியாகக் கொண்ட போல் றோப்சன், தன் கொள்கைக்காக 1950 முதல் 1958 வரை கடவுச்சீட்டு மறுக்கப்பட்டு, மேடைகளும் மறுக்கப்பட்டு முடக்கப்பட்டிருந்தார். அக்கொடுமையைக் கண்ணெதிரே கண்ட பின்னரும் இளையவர் ஒதுங்கவில்லை. 1963இல் பேர்மிங்ஹாமிலே சிறைப்பட்ட போராட்டக்காரருக்குப் பிணைப்பணம் திரட்டினார். 1964இல் நண்பர் சிட்னி பொயிற்றியருடன், ஏறத்தாழ 70,000 டொலர் காசைப் பையிலே சுமந்து மிசிசிப்பியின் கிறீன்வூட்டுக்குச் சென்று, வாக்குரிமைக்காக உழைத்த மாணவ இயக்கத்தினரிடம் கையளித்தார். தென்னாபிரிக்கப் பாடகி மிரியம் மக்கேபாவை அமெரிக்க மேடைக்கு அறிமுகஞ் செய்தார். இருவரும் இணைந்த தட்டொன்று 1966இல் கிராமி பெற்றது. இவையெல்லாம் மனிதரின் பெருமை. ஒருவர் நல்லவர் என்பதால் அவர் பாடல் நல்லதாகிவிடாது என்ற எச்சரிக்கையையும் நாம் மறத்தலாகாது. பாடலைப் பாடலாகவே அளக்கவேண்டும்.

அவ்வளவுகோலைக் கொண்டு 1985க்கு வருவோம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக அமெரிக்கப் பாடகர் பலர் கூடிப் பாடிய 'வீ ஆர் த வேர்ல்ட்' என்ற தட்டுக்கு வித்திட்டவர் பெலபொன்ரேயே; பாடலை இயற்றியோர் மைக்கல் ஜக்சனும் லயனல் றிச்சியும். அது பட்டியலில் முதலிடம் பெற்றது; பல கோடி டொலர் திரண்டது; உயிர்கள் காக்கப்பட்டன. அவ்வுதவியை எள்ளிநகையாடுவோருடன் நாம் சேரமாட்டோம். ஆயினும் பாடலாக நோக்குமிடத்து, அதிலே கொடுப்போர் உளர், பெறுவோர் உளர். பஞ்சத்துக்குக் காரணமான போரோ ஆட்சியோ இல்லை. பட்டினி கிடப்பவனுக்கு அதிலே குரலில்லை. அவனுக்காக நட்சத்திரங்கள் பாடுகின்றன. 1956இன் பாட்டிலே சுமப்பவன் தானே பேசினான், கணக்கப்பிள்ளையை விளித்துத் தன் கூலியைக் கோரினான். உரிமையைக் கேட்கும் பாடலுக்கும் இரக்கத்தைக் கேட்கும் பாடலுக்கும் இடையிலுள்ள தூரம் இது. இரண்டும் முதலிடத்துப் புகழை எட்டிய காலத்திலே, பட்டியலுக்கு அத்தூரம் தெரியவில்லை. நமக்குத் தெரியவேண்டும்.

இவ்வலை நம் கரையையும் தொட்டதே. 1960களிலே கொழும்பில் நொயல் ரணசிங்கவின் 'லா சிலோனியன்ஸ்' போன்ற குழுக்கள் கலிப்சோ பாணியிற் சிங்களப் பாடல்களைப் பாடிப் பெரும் வரவேற்புப் பெற்றன. கிற்றாரும் தாளமும் உற்சாகமும் கடல்கடந்து வந்தன. வாழைக்குலையும் கணக்கப்பிள்ளையும் அங்ஙனம் வந்து சேரவில்லை. தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் எண்ணிக் கூலிபெறுவோர் நிறைந்த நாட்டுக்கு அவை அந்நியமானவை அல்லவே!

ஹரி பெலபொன்ரே 2023 ஏப்ரில் 25ஆம் நாள் தமது 96ஆவது வயதிலே காலமானார். மாணவர் விரும்பிக் கேட்கும் பாட்டை மலிவானதென ஏசி ஒதுக்கும் ஆசிரியர் மாணவரையே இழப்பார். அதனை அப்படியே புகழ்பவர் தம் கடமையை இழப்பார். இப்பாடலில் உழைப்பவன் யார், அவன் தானே பேசுகிறானா, அல்லது அவனுக்காக வேறொருவர் பேசுகிறாரா, பேசாமல் விடப்பட்டோர் எவர் என்று வகுப்பறையிலே கேட்கத் தொடங்குவோமாயின், எந்த மெல்லிசைப் பாட்டும் பாடநூலாகும். அவ்வாறு கேட்கப் பழகியவன், நாளை தன் ஊரிலே வயலிலும் தோட்டத்திலும் ஒலிக்கும் பாட்டையும் செவிகொடுத்துக் கேட்பான். பெயர் தெரியாது போன அந்தச் சுமை தூக்கிய பெண்களுக்கு நாம் செலுத்தக்கூடிய கடன் அதுவே.